அச்சிட்ட கைக்கும் ஒரு பெயர் உண்டு

சில்க் ஸ்கிரீன் என்றதும் கல்யாணப் பத்திரிகையும் பனியனில் அச்சிட்ட எழுத்தும்தான் நம் நினைவுக்கு வரும். 1950களில் லண்டனிலும் அது பெரும்பாலும் விளம்பரத் தொழில்தான். கிறிஸ் பிரேட்டரும் அவர் மனைவி ரோஸும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் தொடங்கிய கெல்ப்ரா ஸ்டூடியோ என்ற சிறு பட்டறை அதை ஓவியர்களிடம் கொண்டுசேர்த்தது. 1964இல் லண்டன் சமகாலக் கலைக் கழகத்துக்காக, ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனின் முயற்சியில், 24 கலைஞர்கள் ஆளுக்கொரு படம் அங்கே அச்சிட்டார்கள். அந்தத் தொகுப்பில் இருந்த ‘இடிபாடுகள்’தான் ஓவியர் பேட்ரிக் கால்ஃபீல்டின் முதல் அச்சுப்படம்.

ஆனால் அச்சு வேலையைச் செய்தது பட்டறை. ஓவியர் தன் கையால் செய்யாததை அவருடைய அசல் என்று எப்படிச் சொல்வது? அதே 1964இல் பிரான்சின் செதுக்கோவியக் குழு இதையே விதியாக்கியது: படம் முழுக்கக் கலைஞரின் கையாலேயே உருவாக வேண்டும், புகைப்பட முறையோ இயந்திர முறையோ கூடாது. இந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏற்கெனவே உள்ள ஓவியத்தை நகலெடுத்து, கையெழுத்துப் போட்டு விற்பது வாங்குபவரை ஏய்ப்பதுதான். ஆனால் கெல்ப்ராவில் நடந்தது நகலெடுப்பு அல்ல. கலைஞர் பாவ்லோட்ஸி, தத்துவவாதி விட்கன்ஸ்டைனின் வாழ்வையும் எழுத்தையும் வைத்து 1965இல் 12 படங்கள் செய்தார். அவர் தந்தவை ஒட்டுப்படங்கள். அவற்றின் நுணுக்கமான வடிவங்களைக் கத்தியால் வெட்டி ஸ்டென்சிலாக்கியவர் பிரேட்டர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஸ்டென்சிலை ஒட்டி, ரப்பர் பட்டையால் மையை இழுத்தால், வெட்டிய இடத்தில் மட்டும் நிறம் இறங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்டென்சில். ஒன்று இம்மி விலகினாலும் தாள் வீண். இந்த உழைப்பெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் படம் என்று ஒன்று பிறக்கிறது. அதற்கு முன் வேறெங்கும் அது இல்லை.

‘கைத்திறன் வேறு, கற்பனை வேறு; பிரேட்டர் திறமையான தொழிலாளி, அவ்வளவுதான்’ என்பார்கள் சிலர். அப்படியானால் எந்த அச்சகமும் போதுமாயிருக்கும். ஆனால் பாவ்லோட்ஸியும் ஓவியர் கிட்டாஜும் ஹாமில்டனும் திரும்பத் திரும்ப அவரையே தேடிப் போனார்கள். எந்த நிறத்தை எப்படிப் படியவைக்கலாம் என்று தெரிந்த கை, என்ன வரையலாம் என்பதையும் மாற்றிவிடுகிறது. பிரெஞ்சு விதி வந்த மறுவருடமே, பாரிஸ் இளங்கலைஞர் பியனாலே என்ற ஈராண்டுக் கண்காட்சியில் கால்ஃபீல்டின் ‘இடிபாடுகள்’ பரிசு பெற்றது.

பட்டறையின் அச்சுப்படங்களை 1975இல் டேட் காட்சியகம் நன்கொடையாகப் பெற்றது. 1980இல் அந்த நன்கொடைக்கென ஒரு கண்காட்சியும் வைத்தது. அதன் தலைப்பில் ரோஸ், கிறிஸ் இருவர் பெயரும் இருந்தன. நேயர்களே, எங்காவது ஓர் அச்சுப்படத்தைப் பார்த்தால், வரைந்தவர் பெயரோடு நின்றுவிடாமல், அச்சிட்டவர் யார் என்றும் கேளுங்கள்.