ரேஷன் எண்ணெய் டெண்டரைச் சிறு மில்லுக்கும் திற!

(ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் ரேஷன் கடையில் கொடு என்று நாம் பல வருஷமாகக் கேட்டு வருகிறோம். மனு கொடுத்தாச்சு, ரோட்டில் தேங்காய் உடைத்தும் கேட்டாச்சு. 2007இல் வந்த சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குத் தருகிறார்கள். ஏழை வீட்டு அடுப்புக்கு அது உதவுகிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாமாயிலில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. நம் காய் தோப்பில் கிடக்கிறது. 2023ஆம் வருஷப் பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 10,860 ரூபாய் என்று ஆதார விலை அறிவித்தார்கள். வெளிச்சந்தையில் நாம் அதற்கும் கீழேதான் விற்றோம். 2025இல் விலை ஏறியது உண்மை. ஏறின விலை இறங்காது என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நிலையாக வாங்குகிற ஒரு கை வேண்டும். அது அரசாங்கத்தின் கை.

இன்றைக்கு நாம் பேச வந்தது அதற்கு அடுத்த கேள்வி. நாளைக்கே அரசு சரி என்று சொல்லி டெண்டர் விட்டால், அதை எடுக்கப்போவது யார்? பல லட்சம் லிட்டருக்கு ஒரே டெண்டர், மூன்று வருஷத்து டர்ன்ஓவர் கோடிக்கணக்கில் காட்டு, இதற்கு முன் அரசுக்குச் சப்ளை செய்த சான்று கொண்டு வா என்று நிபந்தனை போட்டால் நம் மில் வாசலிலேயே நின்றுவிடும். பெரிய கம்பெனி எடுக்கும். அது எங்கே கொப்பரை மலிவோ அங்கே வாங்கும். எண்ணெய் மாறும், நம் நிலைமை மாறாது.

கணக்கைப் பாருங்க. நாள் ஒன்றுக்கு ஒரு டன் கொப்பரை ஆட்டுகிற சிறு மில்லில் குறைந்தது 600 கிலோ எண்ணெய் இறங்கும். மாதம் 25 நாள் ஓடினால் 15 டன், அதாவது சுமார் 16,000 லிட்டர். ஒரு ரேஷன் கடைக்கு 1,000 கார்டு என்று வைத்தால், ஒரு மில் 16 கடைக்கு எண்ணெய் கொடுத்துவிடலாம். மாநிலம் முழுவதற்கும் சேர்த்துக் கேட்டால் நம்மால் முடியாது. தாலுகா வாரியாகப் பிரித்துக் கேட்டால் ஏன் முடியாது? நிபந்தனை எழுதுகிற பேனாவில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

சட்டம் நமக்கு இடமே தரவில்லையா என்றால், தந்திருக்கிறது. மத்திய அரசின் 2012ஆம் வருஷத்துக் கொள்முதல் ஆணைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருஷாந்திரக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 20ஆக இருந்ததை 2018இல் 25ஆக உயர்த்தினார்கள். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். டெண்டர் பாரம் இலவசம், ஈ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. பெரிய கம்பெனி 100 ரூபாய் போட்டு முதலில் வந்து, நாம் 115க்குள் போட்டிருந்தால், அதே 100 ரூபாய்க்கு இறங்கிவந்து ஒரு பங்கு சப்ளை செய்யும் வாய்ப்பை நமக்குத் தரணும். ஆனால் இந்த ஆணை மாநில அரசு நிறுவனங்களைக் கட்டாது. அதனால்தான் ரேஷன் எண்ணெய் டெண்டரிலும் இதே உரிமையை எழுத்தில் கொடு என்கிறோம்.

மாநிலத்தில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இலும், அதன் விதிகள் 2000த்திலும் வந்தன. 2 கோடி ரூபாய் வரைக்குமான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தரவேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். முடிவில் குறை இருந்தால், டெண்டர் போட்டவர் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். கவனிங்க, டெண்டர் போட்டவர்தான் அந்த மேல்முறையீட்டுக்குப் போக முடியும். போடாமல் வெளியே நின்று புலம்பினால் அந்தக் கதவு திறக்காது.

ஆகவே நம் பக்கத்து வேலையையும் முடிக்கணும். பத்து விவசாயிகள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி பதியலாம். மில்லுக்கு உத்யம் பதிவு வாங்குங்க. அது இலவசம், தரகருக்குக் காசு கொடுக்காதீங்க. வெறுமனே வாங்கி விற்கிற வியாபாரத்துக்கு அந்தக் கொள்முதல் சலுகை கிடையாது. ஆட்டி எண்ணெய் எடுக்கிற மில்லுக்கு உண்டு. ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட வரவுசெலவு, டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் முன்னாடியே தயாராக இருக்கணும். நோட்டீஸ் வந்த பிறகு ஓடினால் 15 நாள் போதாது.

விலை போடும்போது கொப்பரை, கூலி, கரண்ட், பாக்கெட், லாரி வாடகை, வரி, பணம் வரும்வரை வட்டி எல்லாம் சேர்த்துப் போடுங்க. டெண்டரைப் பிடிக்கிற ஆசையில் அடக்கத்துக்குக் கீழே போட்டுவிட்டுச் சரக்கு கொடுக்க முடியாமல் போனால், கட்டிய பிணைத் தொகை போகும், கருப்புப் பட்டியலிலும் பெயர் ஏறும். இன்னொன்று: பெரிய கான்ட்ராக்டர் வந்து, உங்க கம்பெனி பெயரை மட்டும் கொடுங்க, கமிஷன் தருகிறோம் என்பார். கொடுக்காதீங்க. அந்தப் பெயர் ஆயிரம் குடும்பத்து வியர்வையில் நிற்கிறது.

பணம் தாமதமானால் பயப்பட வேண்டாம். 2006ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாகணும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு கேட்கலாம். அதற்கென வசதியாக்கக் கவுன்சில் இருக்கிறது. சரக்கு அனுப்புவதற்கு முன்பே உத்யம் பதிவு கையில் இருப்பதுதான் பாதுகாப்பு.

எனவே நமது கோரிக்கைகள்:

1. ரேஷனில் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் வழங்கு!
2. எண்ணெய் டெண்டரைத் தாலுகா வாரியாகப் பிரித்து விடு!
3. விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு டர்ன்ஓவர், முன் அனுபவ நிபந்தனைகளைத் தளர்த்து. தரத்தில் தளர்வு வேண்டாம்!
4. முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு கொடு. 25 சதவீதப் பங்கை எழுத்தில் உறுதி செய்!
5. 45 நாளில் பணம் கொடு. தவறினால் வட்டியோடு கொடு!

மூன்றாவது கோரிக்கையை மறுபடி படியுங்க. தரத்தைச் சோதி, கலப்படம் இருந்தால் தள்ளு என்று நாமே சொல்கிறோம். ரேஷனில் வாங்கிச் சமைக்கப்போவது நம் வீட்டுப் பெண்கள்தானே. நாம் சலுகைப் பிச்சை கேட்கவில்லை. போட்டியில் நிற்க இடம் கேட்கிறோம்.

ஆர்ப்பாட்டத்துக்குத் தாய்மார்களையும் மில் தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு திரளாக வாங்க. உத்யம் பதியாதவர்கள் மில் பேப்பரையும் ஆதார், பான் கார்டையும் எடுத்து வாங்க. கோஷம் முடிந்ததும் அங்கேயே மேசை போட்டு, பதிய வேண்டியதைப் பதிந்துவிடுவோம்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!