சாலையும் சொல்லும்: பிரெஞ்சுக் காட்டுமலைப் பாதைகளில் ஒரு மிதிவண்டிப் பயணம்



மொழி வளர்ச்சிக்கென நடைபெறும் இப்பொழிவு வரிசையில் மிதிவண்டிப் பயணத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கிளைமொழி ஆய்வின் வரலாற்றில் மிதிவண்டிக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பிறகு காட்டுவோம். முதலில் பாதையில் இறங்குவோம்.

பிரான்சின் நடுவே, பர்கண்டிப் பகுதியில், மோர்வான் என்றொரு மலைநாடு உள்ளது. உயரமான மலைகள் அல்ல. அங்குள்ள மிக உயர்ந்த முகடாகிய ஓ-ஃபோலேன் 901 மீட்டர்தான். ஆனால் கருங்கல் நிலமும் அடர்ந்த காடும் ஓயாத ஏற்ற இறக்கமும் சேர்ந்து, மிதிவண்டியில் வருபவரின் கால்களை நன்றாகவே சோதிக்கும். 1970ஆம் ஆண்டு முதல் இது ஒரு வட்டார இயற்கைப் பூங்காவாக உள்ளது. பணி ஓய்வுக்குப் பின் ஒரு கோடையில் நாம் இப்பாதையில் சென்றோம். ஒருநாளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செல்வதில்லை என்பது நம் விதி.

தொடக்கம் ஒஸ்ஸேர் நகரம். எழுத்தில் 'எக்ஸ்' இருக்கும், ஆனால் ஊரார் அதை 'ஸ்' என்றே ஒலிப்பர். எழுத்தைப் பார்த்து 'ஒக்ஸேர்' என்று கேட்டால் வெளியூரார் என்று உடனே தெரிந்துவிடும். அங்கிருந்து நிவெர்னே கால்வாய் புறப்படுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 174 கிலோமீட்டர். படகுகளைக் கயிறு கட்டி இழுப்பதற்காகக் கரையோரம் இட்ட பாதையில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. கால்வாய்க்கரை ஆதலால் ஏற்றமே இல்லை. முதல் இரண்டு நாள்களுக்கு இதனினும் நல்ல பாதை வேண்டியதில்லை.

இக்கால்வாய் எதற்காக வெட்டப்பட்டது என்பதை அறிந்தால்தான் மோர்வான் விளங்கும். பாரிஸ் நகரம் குளிர்காய மோர்வான் காடுகளின் விறகை நம்பியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டு முதல், வெட்டிய மரத்துண்டுகளைச் சிற்றாறுகளில் மிதக்கவிட்டு, கிளாம்சி என்னும் ஊரில் பெருந்தெப்பங்களாகக் கட்டி, யோன் ஆற்றின் வழியே சேன் ஆற்றில் சேர்த்துப் பாரிசுக்கு ஓட்டிச் சென்றனர். கூர் ஆற்றில் மரம் மிதப்பதற்கு வேண்டிய நீரைத் தேக்கிவைக்கவே செத்தோன் அணை கட்டப்பெற்று 1858இல் நிறைவுற்றது. இன்று அங்கே கோடைப் பயணிகள் படகு விடுகின்றனர்.

மரத்தோடு மனிதரும் பாரிசுக்குப் போயினர். தெப்பக்காரர்கள் போய்த் திரும்பினர். மோர்வான் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசுச் செல்வர் வீடுகளில் பாலூட்டும் தாயராகப் பணிபுரிந்தனர். ஆதரவற்ற பாரிசுக் குழந்தைகளோ மோர்வான் குடும்பங்களில் வளர்க்கப்பட்டனர். மோர்வாந்தியோ எனப்படும் அந்நாட்டுக் கிளைமொழிக்குள் தலைநகர்ப் பிரெஞ்சு எந்த வழியாகப் புகுந்திருக்கும் என்று கேட்டால், பள்ளிக்கூடத்திற்கு முன்பே தொட்டிலின் வழியாகவும் தெப்பத்தின் வழியாகவும் புகுந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

கால்வாயை விட்டு விலகி, குன்றின்மேல் நிற்கும் வெசலே தேவாலயத்தைக் கடந்து தெற்கே திரும்பினால் காடு தொடங்குகிறது. இங்கே மஞ்சள் தலையுடைய கிலோமீட்டர்க் கற்கள் நிற்கும் மாவட்டச் சாலைகளே மிதிவண்டிக்கு உகந்தவை. மிஷ்லேன் நிலப்படத்தில் செங்குத்தான ஏற்றங்களை அம்புமுனைக் குறிகளாலும், காட்சி நலமுள்ள சாலைகளைப் பச்சைக் கோட்டாலும் காட்டியிருப்பர். பச்சைக் கோடும் அம்புமுனையும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும் என்பதைப் பயணத்தின் மூன்றாம் நாளில் உணர்ந்தோம்.

இனிச் சாலைச் சொற்களைப் பார்ப்போம். மலைகளுக்கிடையே சாலை கடக்கும் கணவாயைப் பிரெஞ்சுக்காரர் 'கோல்' என்பர். இலத்தீனில் அது கழுத்து. ஏற்றத்தைக் 'கோத்' என்பர். அது விலா எலும்பு. நாமும் மலைக்கு அடியும் முடியும் வைத்திருக்கிறோம், கழுத்தும் விலாவும் வைக்கவில்லை. வளைந்து வளைந்து ஏறும் சாலையை அவர்கள் காலணிக் கயிறாகக் காண்கின்றனர். நாம் கொண்டை ஊசி என்பது ஆங்கில வழக்கின் மொழிபெயர்ப்பு. இவை எல்லாவற்றிலும் நம்மைக் கவர்ந்த சொல் 'ஃபோ பிளா'. 'பொய்ச் சமதளம்' என்பது அதன் நேர்ப்பொருள். கண்ணுக்குச் சமதளமாகத் தோன்றி, உண்மையில் மெல்ல ஏறிக்கொண்டே போகும் சாலை அது. கண் ஏமாறும் இடத்தில் கால் கண்டறிந்த உண்மைக்கு இட்ட பெயர் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

பாதையைக் குறிக்கும் 'ஷ்மேன்' என்ற சொல் இலத்தீனின் பிறப்பன்று. உரோமர் வருமுன் அங்கு வாழ்ந்த கோலியரின் மொழிச் சொல் அது. ஆட்சி போய், சமயம் மாறி, மொழியே வழக்கொழிந்த பின்னும் நடந்த பாதையின் பெயர் மட்டும் நின்றது. ஓக் மரத்தின் பெயரும், நீர்க்கரையில் வளரும் ஆல்டர் மரத்தின் பெயராகிய 'வெர்ன்' என்பதும் அவ்வாறே. காட்டுச் சாலையில் சிற்றூர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே செல்பவர் இத்தகைய மரப்பெயர்களை மீண்டும் மீண்டும் காண்பார். நம் மாணவர் படித்திருக்கக்கூடிய அறிவியற் புனைகதையாசிரியர் ஜூல் வெர்னின் குடும்பப் பெயரும் அந்த ஆல்டர் மரமே. மரத்தால் பெயர்பெற்ற ஈப்போவிலும் தெம்பினிசிலும் வாழ்பவர்களுக்கு இதில் புதுமை இராது. 'எஸ்ஸார்' என்று பலகை இருந்தால், அங்கே ஒருகாலத்தில் காட்டை வெட்டித் திருத்திக் கழனியாக்கினர் என்று பொருள். காடு மீண்டும் மூடிவிட்ட இடங்களிலும் அப்பெயர் நிற்கிறது.

தெற்கு எல்லையில் பெவ்ரே மலை, 821 மீட்டர். அதன் உச்சியில் இருந்த பிப்ராக்த் என்னும் கோலியர் நகரில்தான் கி.மு. 52இல் வெர்சிஞ்செதோரிக்ஸ் உரோமரை எதிர்க்கும் தலைவனாக ஏற்கப்பட்டான். நகரம் மண்ணுள் புதைந்தது. ஆனால் பிப்ராக்த் என்பதே தேய்ந்து பெவ்ரே என மலையின் பெயராக நிற்கிறது. அகழ்வாராய்ச்சியாளர் மண்வெட்டியோடு வருமுன்பே ஊர்ப்பெயர் சான்று கூறிக்கொண்டிருந்தது என்க. அருகிலுள்ள மோன்சோஷ், பிளான்ஷே ஆகிய ஊர்கள் 1944 ஜூனில் செருமானியப் படையினரால் எரிக்கப்பட்டவை. நினைவுக்கற்களின் முன் வண்டியை நிறுத்தாமல் அச்சாலைகளைக் கடக்க இயலாது.

வடக்கிலிருந்து தெற்கே போகப் போக இன்னொரு மாற்றம் புலப்படும். மோர்வானைச் சூழ்ந்த பகுதிகளில் 'சாவிஞி' போன்று இகரத்தில் முடியும் பெயர்கள் மிகுதி. மத்திய மலைத்தொகுதியைக் கடந்து தோர்தோஞ் பள்ளத்தாக்குக்குப் போனால் 'சாவிஞாக்', 'வித்ராக்' என்று 'ஆக்' ஈற்றுப் பெயர்கள் நிறைகின்றன. சாவிஞியும் சாவிஞாக்கும் ஒரே மூலப்பெயரின் இரு வடிவங்கள். ஒருவருடைய உடைமையைக் குறித்த கோலிய விகுதி வடக்கே தேய்ந்து உயிரொலியானது, தெற்கே மெய்யோடு நின்றது. விரைவு இரயிலில் சில மணி நேரத்தில் கடப்பவருக்கு இது இரண்டு தனிப் பெயர்களாகவே தோன்றும். மிதிவண்டியின் வேகத்தில் ஊர் ஊராகச் செல்பவருக்கு அது படிப்படியான மாற்றமாகக் கண்முன் விரியும்.

இங்குதான் நாம் முதலில் சொன்ன இடம் வருகிறது. பிரான்சின் மொழிப்பட நூலைத் திட்டமிட்டவர் ஜூல் ஜில்லியேரோன். களப்பணிக்கு அவர் மொழியியலாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எத்மோன் எத்மோன் என்னும் மளிகைக்காரரைத் தேர்ந்தெடுத்தார். இயற்பெயரும் குடும்பப்பெயரும் ஒன்றுபோல் ஒலிக்கும் அம்மனிதருக்கு அரிய செவிக்கூர்மை இருந்தது. எந்தச் சொல் எப்படி வரவேண்டும் என்ற முன்முடிவு இல்லாதவர் வேண்டும் என்பதே ஜில்லியேரோனின் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் 639 இடங்களில் எத்மோன் வினாநிரலோடு அலைந்தார். அவர் மிதிவண்டியில் சென்றார் என்றே கிளைமொழியியற் பாடநூல்கள் குறிக்கின்றன. 1902 முதல் 1910 வரை அப்படங்கள் வெளிவந்தன.

அதில் கிடைத்த செல்வம் பெரிது. தேனீயைக் குறித்த இலத்தீன் சொல் வடக்கே தேய்ந்து தேய்ந்து ஒற்றை உயிரொலியாகிவிட, மக்கள் 'தேன் ஈ' என்று பொருள்படும் தொடரைக் கட்டிக்கொண்டனர். இன்றைய பொதுப் பிரெஞ்சுச் சொல்லோ தெற்கிலிருந்து கடன் பெற்றது. கஸ்கோன் பகுதியில் ஒலிமாற்றத்தால் சேவலும் பூனையும் ஒரே சொல்லாகி மோதின. கோழிக்கூட்டுக்குள் சேவல் புகுந்தது என்பதும் பூனை புகுந்தது என்பதும் ஒரே வாக்கியமானால் உழவர் என் செய்வார்? சேவலுக்குக் காட்டுக்கோழியினமாகிய ஃபெசன்ட் பறவையின் பெயரை எடுத்துக்கொண்டனர்.

குறையும் உண்டு. அவர் வினவிய ஏறத்தாழ 700 பேரில் பெண்கள் அறுபதின்மரே. மோர்வானில் பாலூட்டும் தாயராகப் போய்த் திரும்பிய பெண்களின் பேச்சை எண்ணிப் பார்க்கும்போது, அடுக்களைச் சொற்களும் தாலாட்டுச் சொற்களும் எத்தனை பதிவாகாமல் போயின என்ற வருத்தம் நமக்கு எழுகிறது.

எத்மோன் ஊர் ஊராகச் சென்ற அக்காலத்தில் பிரெஞ்சுப் பள்ளிகள் எதிர்த்திசையில் இயங்கின. வட்டாரப் பேச்சை ஒழிக்க வேண்டும் என்று அருட்தந்தை கிரெகுவார் 1794இலேயே அறிக்கை அளித்திருந்தார். 1880களில் கட்டாயக் கல்வி வந்தது. வீட்டுமொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையோ பழைய செருப்போ தொங்கவிட்ட ஆசிரியர்கள் பிரெத்தாஞ்யிலும் தெற்கிலும் இருந்தனர். அடுத்த பிள்ளை தவறிப் பேசும்வரை அது அக்கழுத்திலேயே கிடக்கும். அந்த ஆசிரியர்கள் கொடியவர்கள் அல்லர். ஏழைப் பிள்ளைகளுக்கு நல்வாழ்வு தேடித் தருவதாகவே நம்பினர். இன்று தெற்கே பல ஊர் எல்லைகளில் பெயர்ப்பலகை இருமொழியில் நிற்கிறது. மோர்வானில் நாம் தங்கிய விடுதியில் மோர்வாந்தியோ பேசியவர் முதிய அம்மையார் ஒருவரே. அவருடைய பேரப்பிள்ளைகள் அவர் சொன்ன மரப்பெயர்களைக் கேட்டுச் சிரித்தனர்.

தோட்டங்களில் நம் பாட்டிமார் வழங்கிய சொற்களையும், ஒவ்வொரு தோட்டத்திற்கும் தமிழர் தாமே இட்டழைத்த பெயர்களையும் கொச்சை என்று சிவப்பு மையால் அடிக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளிலும் உண்டு. பொதுத்தமிழைக் கற்பிக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அடிப்பதற்கு முன் அச்சொல்லை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சொன்னவர் பெயரும் ஊரும் நாளும் உடனிருந்தால் போதும். 

பாதையைப் பற்றிய ஐயங்களோ, சொற்களைப் பற்றிய ஐயங்களோ இருப்பின் கேட்கலாம்.