கொடுங்கோல் முறிந்த பின்னர்

(மயிலை மாங்கொல்லைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாடகம் எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கொடியவன் வீழ்ந்ததும் திரையை இறக்கிவிடலாம். மக்கள் கைதட்டிவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். நாட்டிலே கொடுங்கோல் முறிந்தால் அப்படித் திரை விழுவதில்லை. அடித்த காவலர் மறுநாளும் அதே சிறைவாயிலில் நிற்கிறார். ஆணையிலே கையொப்பமிட்ட அதிகாரி அதே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். காட்டிக் கொடுத்தவனும் காட்டிக் கொடுக்கப்பட்டவனும் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். இனி இவர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்வது? எதை மன்னிப்பது, எதை மறக்கலாகாது? இந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை தேட விரும்புகிறேன்.

1975 ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலை பிறந்தது. 1977 மார்ச் 21 வரை, 21 மாதங்கள், இந்த நாடு வாய் பொத்தி நின்றது. விசாரணையின்றிச் சிறையிலே தள்ளப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல். இதோ பக்கத்திலே தியாகராயநகர்! அங்கே திருமலைப்பிள்ளை சாலையில், இன்று நினைவில்லமாக நிற்கும் வீட்டில், 1975 அக்டோபர் 2 அன்று காமராசர் கண்மூடினார். நாம் களத்திலே எதிர்த்து நின்ற தலைவர்தான் அவர். ஆயினும், விடுதலைக்காகச் சிறை சென்ற அந்த மனிதர், தம் தோழர் மொரார்ஜி தேசாய் காவலில் கிடக்க, விடுதலை பறிபோன நாட்டிலே மறைந்தார் என்பதை எண்ணும்போது எதிரணியில் நின்ற நமக்கும் நெஞ்சு கனக்கிறது.

நெருக்கடி நிலையைக் கழகம் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதற்கு விலை கேட்கப்பட்டது. 1976 ஜனவரி 31 அன்று, ஆளுநர் கே.கே. ஷா அனுப்பிய அறிக்கையின் பேரில், கலைஞர் தலைமையிலான அரசு கலைக்கப்பட்டது. உடனே வேட்டை தொடங்கிற்று. பிப்ரவரி 2 இரவு, சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டனர். அடிபட்டவர்களில் ஒருவர், இந்த மாநகரின் மேயராக இருந்த சிட்டிபாபு. விடுதலைப் பொழுதைக் காணாமலே 1977 ஜனவரியில் அவர் மறைந்தார். யார் யார் கைதானார்கள் என்று எழுதக்கூடத் தணிக்கை இடம் தரவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்று அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதோர் என்று ஒரு பட்டியலை முரசொலி வெளியிட்டது. படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். தணிக்கையாளருக்குத் தெரியாத தமிழா அது? தெரிந்த தமிழ்தான், தடுக்க முடியாத தமிழ்!

சரி, கொடுமை முடிந்தது. பிறகு?

பழிவாங்கு என்றது ஒரு குரல். மறந்துவிடு என்றது மற்றொரு குரல். பழிவாங்கும் வழி, அடிப்பவனை மாற்றுமே தவிர அடியை நிறுத்தாது. மறக்கும் வழி, அடித்தவனுக்கு மட்டுமே நிம்மதி தரும். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. நடந்ததை விசாரித்து எழுது. ஓட்டை எங்கேயோ அங்கே அடை. பிறகு வாழ்க்கையைத் தொடங்கு.

அந்த வழியிலே தமிழ்நாடு எடுத்து வைத்த முதல் அடி, நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம். யார் அந்த இஸ்மாயில்? கம்பனிலே தோய்ந்தவர். இதே மயிலையில் ஆண்டுதோறும் கம்பன் விழா நடத்தும் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். கம்பனோடு நமக்குள்ள வழக்கு நாடறிந்தது! ஆனால் நம் தோழர்கள் சிறையிலே தாக்கப்பட்டனர் என்பதைச் சாட்சிகளைக் கேட்டு, சான்றுகளை எடைபோட்டு, ஊரறிய உறுதி செய்து எழுதியது அந்தக் கம்பன் அன்பரின் பேனாதான். நமக்கு வேண்டியவரா என்று பார்த்து நீதிபதியைத் தேடாதீர்கள். நேர்மையானவரா என்று மட்டும் பாருங்கள். அந்தச் சிறைச்சாலை 2009இல் இடிக்கப்பட்டது. இன்று அங்கே செங்கல்கூட இல்லை. ஆணையத்தின் அறிக்கை இருக்கிறது. கட்டடம் தராத சாட்சியத்தைக் காகிதம் தருகிறது.

காகிதமும் காப்பாற்றுவார் இருந்தால்தான் நிற்கும். நெருக்கடி நிலைக் கொடுமைகளை நாடு முழுமைக்கும் விசாரித்த ஷா ஆணையம் 1978இல் அறிக்கை தந்தது. 1980இல் ஆட்சி மாறியதும், அந்த அறிக்கை கண்ணில் படுவதே அரிதாயிற்று. முப்பதாண்டுகள் கழித்து, 2010இல், அதைத் தேடியெடுத்து மீண்டும் அச்சேற்றியவர் ஒரு தமிழர். நாடாளுமன்றத்திலே முழங்கிய இரா. செழியன். படை திரட்டவில்லை அவர். பழைய ஏட்டைப் புத்தகமாக்கினார். அதுவும் தொண்டு, தோழர்களே!

இரண்டாவது பணி, சட்டத்தைச் செப்பனிடுவது. 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடிக் காலத்தில் காவலில் இருப்பவன் தன் உயிருக்காகக்கூட நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். மாட்டேன் என்று மறுத்தெழுதினார் நீதிபதி எச்.ஆர். கன்னா, அதனால் தலைமை நீதிபதிப் பதவியை இழந்தார். 1978இல் வந்த 44ஆவது திருத்தம், எந்த நெருக்கடியிலும் உயிருரிமையை முடக்க முடியாது என்று பூட்டுப் போட்டது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற தொளதொளத்த சொல்லை நீக்கி, ‘ஆயுதந்தாங்கிய கிளர்ச்சி’ என்று வைத்தது. அந்தப் பழைய தீர்ப்பையே உச்சநீதிமன்றம் தன் வாயால் தவறென்று சொன்னது 2017இல். 41 ஆண்டுகள்! கொடுமைக்கு ஓர் இரவு போதும். அதைத் துடைக்க ஒரு தலைமுறை வேண்டும்.

இனி, நம் இளைஞர்கள் என்னைத் தனியே அழைத்துக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். “அடித்தவர்களோடு 1980இல் கூட்டணி சேர்ந்தோமே, நியாயமா?” என்கிறார்கள். மறைக்க வேண்டாம், பேசுவோம். இந்தத் தென்சென்னையே அதற்குச் சாட்சி. அண்ணா 1967இல் வென்ற தொகுதி. வடக்கே காங்கிரஸ் வேரற்று விழுந்த 1977 மார்ச்சில், இங்கே காங்கிரசின் ஆர். வெங்கட்ராமன் வென்றார். 1980இல் அதே வெங்கட்ராமனை, அப்போது நம் கூட்டணியின் வேட்பாளராக, தென்சென்னை மீண்டும் அனுப்பிற்று. வடுவோடு சிறையிலிருந்து வந்த தோழன் எந்த மனத்தோடு அந்தத் தேர்தலைப் பார்த்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்!

வாக்குக்கு அஞ்சி மக்கள் முன் வந்து நிற்பவனோடு கைகுலுக்குவது சனநாயகத்தின் இயல்பு. அது குற்றமன்று. கைகுலுக்கும் மகிழ்ச்சியில் கணக்கேட்டை மூடிவிடுவதுதான் ஆபத்து. 44ஆவது திருத்தம் 352ஆவது பிரிவுக்குப் பூட்டுப் போட்டது. நம் ஆட்சியைக் கலைத்த 356ஆவது பிரிவு? ஆளுநர் அறிக்கையின் பேரில் ‘அல்லது வேறு வகையில்’ கலைக்கலாம் என்ற அந்த வாசகம் அப்படியே கிடந்தது. பூட்டாத கதவு வழியே திருடன் மறுமுறையும் வந்தான். 1991 ஜனவரி 30 அன்று, ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், ‘வேறு வகையில்’ நம் அரசு மீண்டும் கலைக்கப்பட்டது. ஆணை பிறப்பித்த குடியரசுத் தலைவர் யார்? அதே ஆர். வெங்கட்ராமன்! 1994இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு வந்த பிறகுதான், பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலே எண்ணிப் பார் என்ற நெறி நிலைத்தது. மனிதரை மன்னிக்கலாம். கதவைப் பூட்டாமல் விடலாகாது.

உலகமும் இதைத்தான் சொல்கிறது. இட்லர் வீழ்ந்ததும் நூரம்பர்க்கில் வழக்கு நடத்தியவர்கள் போரிலே வென்ற நாட்டார். அதனால் ஜெர்மனி திருந்திவிடவில்லை. பலர் வாய்மூடி இருந்தனர். 1963இல், பிராங்க்பர்ட் நகரில், நாஜிகளால் சிறைப்பட்டிருந்த வழக்கறிஞர் பிரிட்ஸ் பவர் முயற்சியால், ஆஷ்விட்ஸ் முகாமின் ஊழியர்களை ஜெர்மானிய நீதிமன்றமே கூண்டிலேற்றியது. அப்போதுதான் பிள்ளைகள் தந்தையரைப் பார்த்து, “நீங்கள் அன்று என்ன செய்தீர்கள்?” என்று உரக்கக் கேட்கத் தொடங்கினர். ஒரு சமுதாயம் தன் கையாலேயே தன் புண்ணைக் கழுவ வேண்டும். மாற்றான் கழுவினால் ஆறாது.

நம் கையிலும் ஒரு புண் இருக்கிறது. 1917இல், அடையாற்றிலே வாழ்ந்த அன்னி பெசன்ட்டை, பென்ட்லண்ட் பிரபுவின் அரசு விசாரணையின்றி உதகையிலே காவலில் வைத்தது. நீதிக்கட்சி முன்னோர் பெசன்ட் அம்மையாரின் அரசியலை எதிர்த்தவர்கள்தான். ஆயினும் அவர்மீது பாய்ந்த அதே வகைச் சட்டம் 1976இல் யார்மீது பாய்ந்தது? நம்மீது! மிசா நீக்கப்பட்டது, 1980இலேயே தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்து அமர்ந்தது. விசாரணையற்ற காவலுக்கு இடம் தரும் சட்டங்கள் இன்றும் ஏட்டிலே இருக்கின்றன. அவற்றை மாற்றான் எடுத்தால் கொடுமை, நாம் எடுத்தால் நிர்வாகம் என்று பேசுவோமானால், சிட்டிபாபுவின் படத்துக்கு மாலையிட நமக்கு என்ன தகுதி? நாம் கோட்டையில் இருந்தாலும் தெருவில் இருந்தாலும் இதிலே ஒரே குரல்தான் வேண்டும்.

மிசாக் கொட்டடியைக் கண்டவர்கள் இன்று பெரும்பாலும் எழுபதைக் கடந்த முதியவர்கள். மயிலையிலும் தேனாம்பேட்டையிலும் அடையாற்றிலும் நம் கிளைத் தோழர்களின் அண்டை வீட்டிலேயே அவர்கள் இருக்கிறார்கள். இந்த வாரமே போங்கள். எந்த நாளில் அழைத்துச் சென்றார்கள், எந்த அறை, யார் அடித்தார்கள், யார் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள், மிகைப்படுத்தாதீர்கள். எழுதியதைக் கிளைப் படிப்பகத்திலே வையுங்கள். சுவரொட்டி ஒரு மழைக்குத் தாங்காது. இந்த ஏடு நம் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கும்.