பட்டியலில் இல்லாத மரபு
(மல்லாங்கிணற்றில் நிகழ்த்தப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு)



பண்டிதர் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு இந்த ஆண்டு ‘மரபுச் சின்னங்களின் பாதுகாப்பு’ என்ற பொருளை எடுத்துக்கொண்டோம். நத்தம் பட்டாவுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்குகிற சனத்துக்குக் கோயிலையும் கோட்டையையும் காப்பாற்றுவது பற்றி என்ன பேச்சு என்று மன்றத்துக்குள்ளேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்த உரை முழுவதும் அதற்குச் சொல்லும் பதில்தான்.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எதைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் எவரோ, எது வரலாறு என்று முடிவு செய்கிறவரும் அவரே. வரலாற்றில் பெயர் இல்லாதவருக்குப் பட்டாவிலும் பெயர் ஏறுவது கடினம். ஆகவே மரபுச் சின்னம் என்பது நமக்கு வேடிக்கை பார்க்கிற விஷயம் ஆகாது. அது நம் உரிமைப் பத்திரத்தோடு சேர்ந்தது.

பண்டிதர் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் திரும்பத் திரும்பச் செய்தது என்ன? ஏட்டுச்சுவடி, பழமொழி, பண்டிகை, ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, இவை எங்கள் முன்னோர் கைப்பொருள் என்று வாதாடினார். தம் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், தம்மிடமிருந்த திருக்குறள் ஏடுகளை எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் என்ற செய்தியையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். குறள் 1812இல் அச்சேறியது. இன்று குறளைத் தமிழர் அனைவரின் சொத்து என்கிறோம். அந்தச் சொத்து கரையானுக்கு இரையாகாமல் இருந்ததில் பட்லர் வேலை பார்த்த ஒருவரின் கைக்கும் பங்கு உண்டு. பாதுகாவலர் என்றால் யார் முகம் நம் நினைவுக்கு வருகிறது, யார் முகம் வருவதில்லை என்பதை இங்கிருந்தே யோசிக்கத் தொடங்கலாம்.

இப்போது உலகத்துக்குப் போவோம். உலகப் பண்பாட்டு, இயற்கை மரபுகளைக் காப்பதற்கான உடன்படிக்கையை யுனெஸ்கோ 1972 நவம்பர் 16 அன்று பாரிஸில் ஏற்றது. இந்தியா 1977இல் அதில் சேர்ந்தது. இந்த உடன்படிக்கை பிறந்த கதையில் எகிப்து நாட்டின் அபு சிம்பல் கோயிலுக்கு முக்கிய இடம் உண்டு. நைல் நதியில் அஸ்வான் உயர் அணை கட்டினால் இரண்டாம் ராம்சேஸ் காலத்துக் கோயில் மூழ்கிவிடும் என்று தெரிந்ததும் ஏறத்தாழ ஐம்பது நாடுகள் பணம் திரட்டின. கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் அப்படியே திரும்பக் கட்டினார்கள். மகத்தான வேலைதான், மறுக்கவில்லை. அதே அணை நீரில் நூபியர்களின் ஊர்கள் மூழ்கின. எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஆற்றங்கரையையும் பேரீச்சை மரங்களையும் முன்னோர் கல்லறைகளையும் விட்டுவிட்டு வேறிடம் போனார்கள். கல்லுக்குக் கிடைத்த ஐம்பது நாடுகளின் கவனத்தில் எவ்வளவு பங்கு அந்த மனிதர்களுக்குக் கிடைத்தது? உலக மரபுப் பாதுகாப்பு பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் உள்ளே போக வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலக மரபுச் சின்னமானது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் அதோடு சேர்க்கப்பட்டன. சுற்றுலாப் போனால் விமானத்தின் உயரத்தைச் சொல்வார்கள், நந்தியைக் காட்டுவார்கள். அதே கோயிலின் கல்வெட்டில் வேறொன்றும் இருக்கிறது. ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களைக் கணக்கெடுக்கும்போது, ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவையும் வரி நீங்கிய நிலங்களாகக் குறிக்கப்படுகின்றன. ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா போன்றவர்கள் இந்தக் கல்வெட்டுகளைச் சொல் சொல்லாகப் படித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு செய்திகள் உண்டு. தீண்டாமை நேற்று வந்தது என்று சொல்கிறவர்களுக்கு ஆயிரம் ஆண்டுக் கல் பதில் சொல்கிறது. இது முதல் செய்தி. அந்தக் காலத்திலேயே சேரிக்கு இடம் இருந்தது, அதை அரசனின் கணக்கே ஒப்புக்கொண்டு எழுதியது என்பது இரண்டாவது. சேரி இருக்கும் இடத்தைப் புறம்போக்கு என்று இன்று ஒரு அதிகாரி சொல்கிறார். சோழன் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. எனவே தஞ்சைக் கோயிலைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் தயக்கம் இல்லை. அந்தச் சுவரின் ஒவ்வொரு எழுத்தும் நமக்கு வேண்டும். கோயிலின் பெருமையைச் சொல்லும் பலகையில் சேரியைப் பற்றிய அந்த வரிகளையும் சொல்லுங்கள் என்பதே நம் கோரிக்கை.

மனித குலம் முழுவதற்கும் சொந்தம் என்று இத்தகைய இடங்களைப் பற்றி யுனெஸ்கோ சொல்கிறது. அழகான சொல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் ஒரு சிறு குழு நுழைந்தது. கக்கன் உட்பட நம்மவர்கள் ஐவர். ஆறாமவர் விருதுநகர் நகராட்சி உறுப்பினர் எஸ்.எஸ். சண்முக நாடார். நாடார்களும் அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. மனித குலத்தில் நாமும் சேர்த்தி என்று நிலைநாட்ட ஒரு போராட்டமும் அதன் பின் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. மரபு எல்லோருக்கும் பொது என்பதை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை.

சரி, இதெல்லாம் தஞ்சை, மதுரைக் கதை. நம் மாவட்டத்தில் என்ன இருக்கிறது? பலருக்குத் தெரியாத செய்தி: விருதுநகர் மாவட்டத்திலும் உலக மரபுச் சின்னத்தின் ஒரு பகுதி உண்டு. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் பட்டியலில் ஏறின. அவற்றுள் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வனவிலங்குச் சரணாலயம். சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. அந்த மலை நமக்கு வெறும் காட்சி இல்லை. கரிசலில் வைப்பாறு ஓடுவது மேற்கே மலையில் மழை பெய்வதால்தான். காடு போனால் முதலில் காய்வது சிறுகுடியானவனின் கிணறு. அதனால் காட்டைக் காக்க வேண்டும் என்பதில் நாம் பின்னால் நிற்கப் போவதில்லை.

அந்தக் காட்டில் சரணாலயத்துக்கும் காப்பகத்துக்கும் முன்பிருந்தே பளியர்கள் இருக்கிறார்கள். செண்பகத்தோப்பில் இன்றும் வாழ்கிறார்கள். எந்தப் பாறையில் தேன் அடை கட்டும், எந்தக் கிழங்கை எவ்வளவு விட்டுத் தோண்டினால் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும் என்பது அவர்கள் அறிவு. அந்த அறிவும் காட்டின் மரபுதான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் குடியிருப்பு, விளைநிலம், சிறு வனப்பொருள், சமூகக் காட்டைப் பேணும் உரிமை எல்லாம் இருப்பதாகச் சொல்கிறது. கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் அவர்களை வெளியேற்ற முடியாது என்றும் சொல்கிறது. சரணாலயம் என்ற சொல்லுக்குத் தஞ்சம் என்று பொருள். அணிலுக்குத் தஞ்சம் தரும் காடு, அங்கேயே பிறந்தவரை அத்துமீறி நுழைந்தவராகப் பார்க்கக் கூடாது. பளியர்கள் பழங்குடியினர், நாம் பட்டியல் சாதியினர். அட்டவணை வேறாக இருக்கலாம், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

மலையிலிருந்து கரிசலுக்கு இறங்குவோம். மல்லாங்கிணறு என்று ஊர்ப் பெயரிலேயே கிணற்றை வைத்திருக்கும் மண்ணில் நின்று பேசுகிறோம். இந்தப் பகுதியில் கிணறும் ஊருணியும் கண்மாயும்தான் கோயிலைவிடப் பெரிய கட்டடங்கள். தமிழகத்தில் சுமார் 39,000 கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. வரத்துக்கால், கரை, மடை, கலுங்கு என்று ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். இந்த வேலையை எழுதிவைத்த பொறியாளர் யாரும் இல்லை. செய்து காட்டிய ஆட்கள் உண்டு. நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கொரு பெயர். பெரும்பாலும் நம் சனம்.

கண்மாய் பெருகிய நாளில் இருட்டோடு போய் மடையில் முங்கி அடைப்பை எடுப்பவர் அவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், தண்ணீர் குறைந்த வருஷம் யாருக்கு முதலில் என்று முறை வைத்துப் பாய்ச்சுபவர் அவர். பல ஊர்களில் ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. நிலமில்லாதவர்தான் ஓரம்சாராமல் பாய்ச்சுவார் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். கூலி களத்தில் அளக்கும் நெல். மடையைத் திறந்துவிட்ட அவர் அதே ஊரின் பொதுக்கிணற்றில் வாளி போட முடியாது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது இந்தியாவின் எல்லா ஊர்க் குளத்துக்கும் சேர்த்துத்தான்.

பிறகு பம்புசெட் வந்தது, கண்மாய் பொதுப்பணித் துறைக்கும் ஊராட்சிக்கும் போனது, சீமைக்கருவேலம் உள்ளே முளைத்தது. நீர்க்கட்டியின் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு வேலைக்கும் போனார்கள். போனது நல்லதே. நெல்லுக்குக் கைகட்டி நிற்கும் வேலைக்கு யாரும் திரும்பிப் போக வேண்டாம். அந்த நீர் அறிவு மட்டும் எழுதப்படாமல் அழிந்துகொண்டிருக்கிறது. உருளைகுடிக் கண்மாயை வைத்து சோ. தர்மன் எழுதிய ‘சூல்’ நாவலுக்கு 2019இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இலக்கியம் தன் பங்கைச் செய்துவிட்டது. தொல்லியலும் பொதுப்பணித் துறையும் இன்னும் செய்யவில்லை.

தொல்லியல் என்றதும் வெம்பக்கோட்டை ஞாபகம் வரும். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, தங்க அணி என்று வந்தபடி இருந்தன. நம் மாவட்டம் என்றால் வெயிலும் வெடியும் மட்டும்தான் என்று நினைத்தவர்கள் வியந்தார்கள். நமக்கும் மகிழ்ச்சிதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சங்கை அறுத்து வளையல் செய்தவர் தொழிலாளி. இன்று குழிக்குள் குத்தவைத்து, மண்ணைச் சுரண்டிச் சலித்து, உடையாமல் அந்த வளையலை எடுத்துக் கொடுப்பவரும் அக்கம்பக்கத்து ஊர்க் கூலித் தொழிலாளி. செய்தவர் பெயர் நமக்குக் கிடைக்காது. எடுத்தவர் பெயரையாவது அறிக்கையில் போடலாமே.

அதே வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததையும் இந்த மாவட்டம் மறக்கவில்லை. அவர்கள் பெயரைச் சொல்ல ஒரு கல்லாவது வேண்டாமா? விபத்து நடந்த இடம் எப்படி மரபாகும் என்று கேட்கலாம். மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் என்று ஓர் இடம் இருக்கிறது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வந்திறங்கிய தீவு அது. அவர்களில் தமிழர்களும் உண்டு. கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பும் முன் அவர்களை அடைத்துவைத்த கூலி முகாமில் மிஞ்சியிருப்பது சில அறைகளும் சில கற்படிகளும்தான். சிற்பமோ கோபுரமோ கிடையாது. 2006இல் அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றார்கள். அரசன் ஏறிய படி மட்டுமே மரபு என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை. கூலிக்காரர் இறங்கிய படியும் மரபாகும் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? நான்கு வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, நம் மாவட்டத்தின் ஒவ்வொரு சேரியிலும் பழைய கிணறு, ஊருணி, நடுகல், சாமி மேடை, சுடுகாடு, அதற்குப் போகும் பாதை இவற்றைச் சர்வே எண்ணோடு குறித்துவைப்பது. படித்த பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. படமும் எடுக்கலாம், பெரியவர்கள் சொல்வதைப் பதிவும் செய்யலாம். பாதைக்காக மனு கொடுக்கும் நாளில் இதுவே ஆதாரம்.

இரண்டாவது, உயிரோடிருக்கும் நீர்க்கட்டிகளைத் தேடிப் போய் அவர்கள் அறிவை எழுதுவது. அதோடு அவர்கள் பட்ட அவமானத்தையும் சேர்த்தே எழுதுவது. ஒன்றை விட்டு மற்றொன்றை எழுதினால் அது பாதி வரலாறு.

மூன்றாவது, அகழாய்வு அறிக்கைகளில் தோண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும், பெரிய கோயிலின் விளக்கப் பலகைகளில் சேரியைக் குறிக்கும் கல்வெட்டுச் செய்தி வேண்டும், பட்டாசு விபத்துகளில் மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று அரசிடம் கேட்பது. 2021இல் தொல்லியல் துறைக்குப் பொறுப்பேற்ற அமைச்சர் தங்கம் தென்னரசுவின் சொந்த ஊரில் நின்று இதைச் சொல்கிறோம். முதல் மனுவுக்கு பஸ் செலவு மிச்சம்.

நான்காவது, காட்டைக் காக்கும் எந்தத் திட்டத்திலும் பளியர்களின் கிராம சபை பேசிய பிறகே மற்றவர்கள் பேச வேண்டும் என்பதில் அவர்களோடு நிற்பது.

பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் விட்டுப்போனவற்றில் நமக்கு மிகவும் வேண்டியது ஒரு பழக்கம். நம்மிடம் இருப்பதை நாமே எடுத்து, நாமே படித்து, நாமே அச்சிடுவது. உலகப் பட்டியலில் மல்லாங்கிணற்றுக் கண்மாய் ஏறுமா என்பது இப்போதைக்குக் கவலை இல்லை. நம் பட்டியலில் அது முதலில் ஏறட்டும். வரும் மழைக்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் ஊர்ப் பட்டியலை எழுதி மன்றத்துக்கு அனுப்பினால், அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குப் பதில் அந்தப் பட்டியலையே அச்சிடலாம்.