ஆய்வுக்கூடத்தின் கதவும் திறந்தே இருக்கிறது



மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையென்றால் பிள்ளையின் எதிர்காலமே இருண்டுவிட்டதாக நாம் கலங்குகிறோம். உயிரியலில் பட்டம் பெற்ற பெண்மக்களை ‘இத்துடன் போதும்’ என்று நிறுத்தியும் விடுகிறோம். நோய் தீர்க்கும் பணி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரு காலத்தில் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்திருந்தனர். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு, முறையாக மருந்து உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதை 1959இல் உலகிற்கு மெய்ப்பித்தது. அம்மையமே இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழ்கிறது.

இத்துறைக்குச் செல்லும் வழி யாது? பி.எஸ்சி. முடித்தோர் ‘ஜாம்’, ‘காட்-பி’ போன்ற நுழைவுத் தேர்வுகளை எழுதி, உயர்ந்த நிறுவனங்களில் எம்.எஸ்சி. பயிலலாம். பின்னர் சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் பாடத்தில் வென்று, இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று, முனைவர் பட்ட ஆய்வில் சேரலாம். 2023 ஜனவரி முதல் அத்தொகை மாதம் 37,000 ரூபாயாகவும், ஈராண்டுக்குப் பின் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

ஆகவே, ஆராய்ச்சிப் படிப்பு வீட்டுக்குச் சுமை என்று அஞ்ச வேண்டியதில்லை. சுமையாவது இடையிலுள்ள எம்.எஸ்சி. ஈராண்டுகளே. அவ்வீராண்டுகளில் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகளைத் தாங்கிப் பிடிப்பது நம் ஜமாஅத்தின் பொறுப்பு. பெற்றோர்களே, அதுவரை உங்கள் மகளின் படிப்பை நிறுத்தாதீர்கள் என்று அன்புடன் வேண்டுகிறோம்.