மலையின் கணக்கும் மக்களின் கணக்கும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மண்ணைப் பற்றிப் பேசுவானேன் என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். மண்ணில் உழைத்தே வாழ்ந்த நம் மக்களுக்கு மண்ணைப் பற்றிய கல்வி மட்டும் எட்டாமலே இருந்துவிட்டது. இன்றோ காட்டிலும் தோட்டத்திலும் தரிசிலும் எவ்வளவு கரிமம் அடங்கியுள்ளது என்று கணக்கெடுத்து, அதையும் வைத்து நிலத்தின் எதிர்காலத்தை முடிவு செய்கின்றனர். அக்கணக்கை நாமும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு வளர்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமமே. நூறு டன் காய்ந்த மரத்தை எரித்தால், அதிலுள்ள ஐம்பது டன் கரிமம் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி, சுமார் 183 டன் கரியமில வாயுவாக வெளியேறும். இது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. தெரியாத இழப்பு மண்ணுக்குள் நிகழ்கிறது. உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் மக்கிச் சேர்ந்த கரிமம், உலகெங்கும் மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன் உள்ளது. காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ளதைக் கூட்டினாலும் அதைவிட இது மிகுதி. ஏர் பூட்டி உழுதால் மண்கட்டி உடைந்து காற்றுப் புகுகிறது. நுண்ணுயிர்கள் அந்த மக்கை உண்டு வாயுவாக்கிவிடுகின்றன.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2002-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று, காட்டை அழித்துப் பயிரிட்ட இடங்களில் மண்ணின் கரிமம் சராசரியாக 42 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது. பயிர்நிலம் மீண்டும் காடான இடங்களில் 53 விழுக்காடு கூடிற்றாம். இழந்ததைவிட மிகுதியாகத் திரும்பிவிட்டதே என்று மாணவர்கள் மகிழ வேண்டாம். நூறு பங்கு 58 ஆகி, அந்த 58-இல் 53 விழுக்காடு கூடினால் 89 தான் வரும். வெவ்வேறு இடங்களின் சராசரிகள் ஆதலால் இதுவும் தோராயமே.

இனி நம் மாஞ்சோலைக்கு வருவோம். சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய 8,373 ஏக்கர் மலைக்காடு, 1929-இல் தேயிலைக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. வெடிப்பலாவும் நாங்கும் ஓங்கி நின்ற பசுமை மாறாக் காட்டின் ஒரு பகுதி அழிந்து தேயிலையாயிற்று. தேயிலையை ஆண்டுதோறும் உழுவதில்லை; கவாத்துச் செய்த தழையும் மண்ணிலேயே விழுகிறது. ஆகவே மண்ணின் இழப்பு உழுபயிரில் உள்ள அளவுக்கு இராது. ஆயினும் இடுப்பளவு நிறுத்தப்பட்ட செடி, வானளாவிய மரத்தின் கரிமத்தை எங்ஙனம் ஈடுசெய்யும்?

அம்மலையில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். கூலி உயர்வு முதலிய கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், தாமிரபரணிக் கரையில் 17 பேர் மாண்டதை நாம் எவ்வாறு மறப்போம்? 2028-இல் குத்தகை முடியுமுன்னரே, 2024-இல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டுத் தொழிலாளர் விருப்ப ஓய்வு பெற்றனர். அந்த நிலம் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காடாக மீளவிருக்கிறது.

காடு திரும்புவதை நாம் எதிர்க்கவில்லை. மலை நீர் வற்றினால் கீழே முதலில் வாடுவது நம் சேரிகளே. ஆனால் கைவிட்ட தேயிலை தானே காடாகிவிடாது. கவாத்தின்றி விட்டால் செடியே மரமாக ஓங்கி நிற்கும்; வெட்டவெளியில் உண்ணிச்செடி படரும். ஆனைமலையில் வால்பாறையை அடுத்த சிதைந்த காட்டுத்துண்டுகளில் களையெடுத்து நாட்டு மரக்கன்றுகளை நட்ட இடங்கள், சும்மா விட்ட இடங்களைவிடக் கூடுதலாகக் கரிமம் சேர்த்திருப்பது ஆய்வில் தெரியவந்துள்ளது.

அங்ஙனமாயின் விதை பொறுக்குதல், நாற்றங்கால், களையெடுப்பு என ஆண்டுக்கணக்கான வேலை மலையில் காத்திருக்கிறது. எந்த மரம் எம்மாதம் காய்க்கும், எந்த ஓடை கோடையிலும் ஓடும் என்பதைத் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர் அறிவர். முறையான கூலியோடு அவர்களை அப்பணிக்கு அமர்த்துமாறு நம் சங்கம் அரசுக்கு மனுச் செய்யலாம். ஏக்கருக்கு எத்தனை கன்று, எத்தனை ஆள், எத்தனை ஆண்டு என்ற விவரத்தோடு அதை எழுத, மண்ணியலோ வனவியலோ படித்த நம் பிள்ளைகள் இருவர் மூவர் வேண்டும். இவ்வாண்டு உதவித்தொகை கேட்டு வரும் விண்ணப்பங்களில் அப்பாடங்களையும் செயற்குழு கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.