வீட்டு முன்னறையில் ஒரு ஆபீஸ்: சட்டம் என்ன சொல்லுது? நாம என்ன கேக்கறோம்?

(தருமபுரியில் சிறு வணிகர்கள், சுயதொழில் செய்வோருடன் நடந்த கலந்துரையாடலில் நமது மாவட்டப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத நண்பர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம். முழுசா படிங்க, தேவைப்படுறவங்களுக்கு அனுப்புங்க.)



பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம்னு எல்லா பக்கத்துல இருந்தும் வந்திருக்கீங்க. பஸ் பிடிச்சு வந்த அக்காமார்களுக்கும், கடையைச் சாத்திட்டு வந்த அண்ணன்மார்களுக்கும் முதல்ல நன்றி. மாலை போடறது, சால்வை போத்துறது எல்லாம் இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

நம்ம மாவட்டத்துல படிச்ச பிள்ளைங்க என்ன பண்றாங்க? ஒசூருக்குப் போறாங்க, பெங்களூருக்குப் போறாங்க. அதுல ஒரு சிலபேரு ஊருக்குத் திரும்பி வந்து, சொந்த வீட்டு முன்னறையில நாலு நாற்காலி, ரெண்டு கம்ப்யூட்டர் போட்டு தொழில் ஆரம்பிக்கிறாங்க. கணக்கு எழுதுற ஆபீஸ், இன்சூரன்ஸ், டிசைன், வீட்டு பிளான் போடற இன்ஜினியர், டிராவல்ஸ் புக்கிங். கடை வாடகை, அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாதவங்களுக்கு வீடுதான் முதல் மூலதனம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. பெங்களூருல கணக்குப் பிரிவுல வேலை பார்த்தவங்க. அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு ஊருக்கு வந்து, வீட்டுல முன்பக்கம் ரெண்டு ரூமை ஆபீஸ் ஆக்கினாங்க. பக்கத்து ஊர்ப் பொண்ணுங்க ரெண்டு பேருக்கு வேலையும் கொடுத்தாங்க. ஜிஎஸ்டி பதிவு இருக்கு, உத்யம் சான்று இருக்கு, வாசல்ல போர்டும் இருக்கு. எல்லாம் சரியா இருக்குன்னுதான் நினைச்சாங்க. ஒருநாள் மின் இணைப்பை ஆய்வு செய்ய வந்தாங்க. வீட்டு இணைப்புல தொழில் நடக்குதுன்னு எழுதிட்டுப் போனாங்க. கொஞ்ச நாள்ல அபராதக் கணக்கு வந்தது. அதுக்கு அப்புறம் கட்டட அனுமதி எங்கேன்னு கேள்வி வந்தது. அந்தத் தங்கச்சி என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, நான் ஒரு செங்கல்லு கூட புதுசா வைக்கலையே, எனக்கு எதுக்கு அனுமதி?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததுனாலதான் நம்ம ஆளுங்க பாதிப்பேரு மாட்டிக்கிறாங்க.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல "அபிவிருத்தி" என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் இருக்கு. புதுசா கட்டுறது மட்டும் அபிவிருத்தி இல்ல. ஒரு கட்டடத்தையோ நிலத்தையோ எதுக்குப் பயன்படுத்துறோமோ அதைக் கணிசமா மாத்தினாலும் அபிவிருத்திதான். அதாவது, சுவத்துக்குச் சுண்ணாம்பு கூட அடிக்காம வீட்டை ஆபீஸ் ஆக்கினாலும், சட்டத்தின் கண்ணுல அது மாற்றம். அதுக்கு 49-வது பிரிவின்படி அனுமதி கேக்கணும். கேக்காம விட்டா 56, 57-வது பிரிவுகள்ல நோட்டீஸ் கொடுக்கவும், நிறுத்தச் சொல்லவும், பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கு.

இதுல நம்ம மக்கள் செய்யற தப்புக்கணக்கு மூணு.

ஒண்ணு: "ஜிஎஸ்டி இருக்கே." ஜிஎஸ்டி பதிவு வரிக்காக. அந்த முகவரியில ஆபீஸ் நடத்தலாம்னு யாரும் அதுல அனுமதி கொடுக்கல. உத்யம் பதிவும் அப்படித்தான்.

ரெண்டு: "நான் கமர்சியல் வீட்டு வரி கட்டறேனே." 2022-ல சொத்து வரியை உயர்த்தினப்போ வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம் உயர்வு வந்தது, ஞாபகம் இருக்கும். அந்த வரியை வாங்கிட்டாங்கங்கறதுக்காக கட்டடம் முறைப்படுத்தப்பட்டதா அர்த்தம் இல்ல. வரி ரசீது வேற, அனுமதி வேற.

மூணு: "சுயசான்றுல அப்ரூவல் வாங்கியிருக்கேனே." 2024 ஜூலை 22-ல தொடங்கின சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடி வரையிலான மனையில 3,500 சதுர அடி வரை கட்டுற குடியிருப்புக்கு மட்டும்தான். வீடுன்னு சொல்லி வாங்கின அனுமதியில ஆபீஸ் நடத்த முடியாது.

சரி, கரண்டு விஷயத்துக்கு வர்றேன். அங்கதான் முதல் அடி விழுது. வீட்டு இணைப்பு 1-ஏ விகிதம். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் அதுக்குத்தான். வணிகத்துக்கு விகிதம் 5. வீட்டு இணைப்புல தொழில் நடத்தினா, மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவுல, பொருந்தக்கூடிய கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு போடலாம். எப்போ ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்க முடியலன்னா, ஆய்வுக்கு முந்தின 12 மாசத்துக்குக் கணக்கு போடுவாங்க. சின்ன ஆபீஸ் தாங்குமா?

ஆனா அதே கட்டண விதியில ஒரு சலுகையும் இருக்கு, பலபேருக்குத் தெரியாது. தொழில்முறை வல்லுநர் ஒருத்தர் தான் குடியிருக்கிற வீட்டோட சேர்ந்து 200 சதுர அடிக்குள்ள ஆலோசனை அறை வெச்சிருந்தா, அதை வீட்டு விகிதத்துலயே சேர்த்திருக்காங்க. வக்கீல், ஆடிட்டர், டாக்டர் எல்லாம் இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அதுக்கு மேல போனா ஆபீஸ் பகுதிக்குத் தனி இணைப்பு கேட்டு வாங்கிடுங்க.

"இவ்ளோ நாள் யாரும் கேக்கல, இனிமே என்ன ஆகப்போகுது"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன். உத்தரப் பிரதேசம் மீரட், சாஸ்திரி நகர். வீட்டு வசதி வாரியம் குடியிருப்புக்குன்னு ஒதுக்கின மனை, கடைகளா மாறிச்சு. வருஷக்கணக்கா வியாபாரம் நடந்தது. 2014-ல அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொல்லிச்சு. 2024 டிசம்பர் 17-ல உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. அதிகாரிங்க இத்தனை வருஷம் சும்மா இருந்தாங்க, அதனால எங்களை விட்டுடுங்கன்னு கேட்டதை நீதிமன்றம் ஏத்துக்கல. 2025 அக்டோபர்ல அந்தக் கட்டடத்தை இடிச்சுட்டாங்க. அதே தீர்ப்புல நாடு முழுக்க உத்தரவு: அனுமதி இல்லாத கட்டடத்துக்குத் தொழில் உரிமம் கூடாது, கட்டட நிறைவுச் சான்றைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கணும். மீரட் எங்கேயோ இருக்குன்னு நினைக்காதீங்க. 2011 அக்டோபர்ல நம்ம தி.நகர் ரங்கநாதன் தெருவுலயே கடைங்களுக்கு சீல் வெச்சதைப் பார்த்தவங்கதானே நாம.

இன்னொரு சம்பவமும் இருக்கு. 2006-ல டெல்லியில குடியிருப்புப் பகுதிக் கடைங்களுக்கு வரிசையா சீல் வெச்சாங்க. வியாபாரிங்க தெருவுக்கு வந்தாங்க. கடைசியில அரசு ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களைக் கலப்புப் பயன்பாட்டுக்குன்னு அறிவிச்சது. 2007-ல வந்த முழுமைத் திட்டத்துலயும் அது இடம்பிடிச்சது. அங்க திட்டத்தையே மாத்த முடிஞ்சதுன்னா, இங்கயும் முடியும். அதுக்குத்தான் அரசியல்.

பக்கத்து வீட்டுக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் பேசணும். ரிட்டயர்டு ஆகி அமைதியா இருக்கலாம்னு வீடு கட்டினவர் வாசல்ல பத்து பைக் நின்னா அவர் எங்க போவார்? லேத் பட்டறை, குடோன் எல்லாம் வீட்டுத் தெருவுல வேணும்னு நாங்க கேக்கல. ஆனா சத்தம் இல்லாத, புகை இல்லாத, நாலு பேர் உக்காந்து வேலை செய்யற ஆபீஸையும் பட்டறையையும் ஒரே தராசுல நிறுக்கக் கூடாது. அதுதான் நம்ம வாதம்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது:

1. முதல்ல உங்க இடம் எந்த வகைப்பாட்டுல இருக்குன்னு நகராட்சி, பேரூராட்சி நகரமைப்புப் பிரிவுலயோ, நகர் ஊரமைப்பு அலுவலகத்துலயோ சர்வே எண்ணைக் கொடுத்து எழுத்துல கேளுங்க. வாய்வார்த்தை வேண்டாம்.

2. வீட்டுக்கு வாங்கின பிளான் அப்ரூவல் நகலைத் தேடி எடுங்க. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவா இல்லையான்னு பாருங்க. அது இல்லன்னா பிரச்சனை அங்க இருந்தே ஆரம்பிக்குது.

3. உங்க பகுதியில ஆபீஸ் அனுமதிக்கப்பட்டதுன்னா, பதிவு பெற்ற பொறியாளரை வெச்சு பயன்பாட்டு மாற்றத்துக்கு பிளான் கொடுங்க. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி வண்டி நிறுத்த இடம், பக்கவாட்டு இடைவெளி எல்லாம் பார்ப்பாங்க. அனுமதி இல்லாத பகுதின்னா நில உபயோக மாற்றம் கேக்கணும். அது அரசிதழ் வரைக்கும் போகிற வேலை, காலம் பிடிக்கும். அதுக்கு முன்னாடி கடன் வாங்கி செலவு பண்ணிடாதீங்க.

4. 56-வது பிரிவுல நோட்டீஸ் வந்தா பயந்து ஓடாதீங்க, அலட்சியமும் பண்ணாதீங்க. அதுல சொன்ன காலத்துக்குள்ள, அந்தப் பயன்பாட்டைத் தொடர அனுமதி கேட்டு விண்ணப்பிக்க சட்டமே வழி கொடுக்குது. விண்ணப்பம் முடிவாகிற வரைக்கும் அந்த நோட்டீஸ் நிறுத்தி வைக்கப்படும். ஏற்புச் சீட்டு வாங்க மறக்காதீங்க.

5. யார்கிட்டயும் ரசீது இல்லாம ஒரு ரூபா கொடுக்காதீங்க. "நான் பார்த்துக்கறேன்"னு சொல்ற இடைத்தரகர், சீல் வைக்கிற அன்னிக்கு போனை எடுக்க மாட்டார்.

அரசுகிட்ட நாம வைக்கிற கோரிக்கைகள்:

ஒன்று, குடியிருப்புப் பகுதியில் என்னென்ன தொழில், எத்தனை சதுர அடி வரை நடத்தலாம் என்ற பட்டியலை எளிய தமிழில் ஒவ்வொரு உள்ளாட்சி அலுவலக வாசலிலும் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு, இடைஞ்சல் தராத சிறு அலுவலகங்களுக்கு, வீட்டுக்குக் கொடுத்தது போலவே சுயசான்று முறையில் பயன்பாட்டு மாற்ற அனுமதி வழங்க வேண்டும்.

மூன்று, மின்வாரியம், உள்ளாட்சி, நகர் ஊரமைப்பு என்று மூன்று வாசல் ஏற விடாமல் ஒரே விண்ணப்பமாக்க வேண்டும்.

நான்கு, முதல் முறை தெரியாமல் செய்தவர்களுக்கு அபராதத்துக்கு முன் சரிசெய்து கொள்ள அவகாசம் தர வேண்டும்.

ஐந்து, முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது வரைபடத்தைத் தமிழில், தெருப்பெயரோடு வார்டு வாரியாக மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

கடைசியா ஒண்ணு. அந்தத் தங்கச்சி ஆபீஸை மூடல. ஒரு ரூமாக் குறைச்சு, தனி மின் இணைப்பு வாங்கி, பயன்பாட்டு மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. இன்னும் காத்துட்டு இருக்காங்க. வேலைக்கு இருந்த ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி மறுபடியும் ஒசூர் பஸ் ஏறிட்டா. அந்தப் பொண்ணு திரும்பி நம்ம ஊர்லயே வேலை பார்க்கணும். நம்ம கோரிக்கையோட கணக்கு அவ்வளவுதான்.

சந்தேகம் இருக்கிறவங்க ஆவணங்களோட நம்ம ஒன்றிய, நகர அலுவலகத்துக்கு வாங்க. மனு எழுதறதுல இருந்து கூட நிப்போம்.



#தருமபுரி #சிறுதொழில்காப்போம் #ஒரேவிண்ணப்பம்